காட்சிமுனை ஏழு

எண்பத்தாறு மைல் மண்சாலை, நெவாடாவின் வடமூலையில்.
இதை எழிற்சாலை ஆக்கலாமா என்று
ஆராயச் சொல்லியிருக்கிறார்கள்.
ஆக்கு என்றில்லை, ஆக்காதே என்றுமில்லை.
ஆக்கலாமா.
கடைசியில் தொங்கும் அந்த 'ஆ'வுக்குத்தான் எனக்குச் சம்பளம்,
வண்டிக்கு டீசல், மதியத்துக்கு ஒரு டப்பா மீன்.

வரைபடத்தில் மஞ்சள் பூசியதெல்லாம் பொதுநிலம்,
புறம்போக்கு.
யாருக்கும் சொந்தமில்லை என்பதால்
ஆளுக்கொரு சொல் உண்டு அதன்மேல்.

படிவத்தில் அழகுக்கு ஐந்து கட்டங்கள்:
நிலவடிவம், செடிகொடி, நீர், நிறம், அரிது.
மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும்.
நீருக்குக் கை பழகிப்போய்ச் சுழியம் போட்டேன்.
மழை பெய்து ஓய்ந்த பத்து நிமிடம்
சேஜ் புதரிலிருந்து எழும் வாசனைக்குக்
கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், பிறகு அழித்தேன்,
அழித்த இடம் மட்டும் கொஞ்சம் பளபளக்கிறது.

சாலைக்குக் குறுக்கே கிடத்திய ரப்பர் குழாய்
மூன்று நாளில் நாற்பத்தொரு வண்டி என்றது.
இருபது என்னுடையவை.
நான்கைந்து, மாடுகளாகவும் இருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்தில் கூட்டம்.
அறுபது மடக்கு நாற்காலி, இருபத்தெட்டு பேர்.
பெட்ரோல் பம்பு வைத்திருக்கும் கர்ட் ஓபர்ஹான்ஸ்லி
'நாலு பேர் வந்துபோனால்தான் ஊர்' என்றார்.
பெனாத் எச்சகாரை தொப்பியைக் கழற்றாமலே,
'தாங்கள் ஒரு காட்சி என்று
என் மாடுகளுக்கு இன்னும் தெரியாது' என்று சொல்லிவிட்டு
சிரிப்பு அடங்குமுன் உட்கார்ந்துகொண்டார்.

டார்லா விக்ஸ்ட்ரோம் எழிலைப் பற்றிப் பேசவே இல்லை.
சம்பளம் வாங்காமல் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள்.
தார் போட்டால் இருபத்தைந்து நிமிடம் மிச்சம், என்றாள்.
பிப்ரவரியில் அந்த இருபத்தைந்து நிமிடம்
அவள் வண்டியின் பின்னால் படுத்திருந்தது.
அதற்கு ஒரு பெயர் இருந்தது.
அவள் சொல்லவில்லை.
முன்வரிசையில் ஒருவர் குனிந்து
அவிழாத ஷூ நாடாவைக் கட்டினார்.

கடைசியாக லோரீன் மெக்டேட்,
ஷோஷோனி குடியிருப்பிலிருந்து வந்தவள்,
வரைபடத்தில் விரல் வைத்தாள்.
'இந்த ஏழாவது காட்சிமுனையை எடுத்துவிடுங்கள்.'
ஏன், அங்கே என்ன இருக்கிறது?
'சொன்னால் எழுதுவீர்கள்.
எழுதினால் வருவார்கள்.'
கூட்டக் குறிப்பில் நான் எழுதியது:
காரணம் தெரிவிக்கப்படவில்லை.

மறுநாள் ஏழுக்குப் போனேன்.
ஏற்கெனவே மூன்று முறை நின்று
மதிப்பெண் போட்ட இடம்தான்.
இந்த முறை வண்டியை அணைத்து,
படிவத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டு
இறங்கி நடந்தேன், சாயங்காலம் வரை.
நீருக்குப் போட்ட சுழியம் தப்பு.
இதற்கு மேல் இங்கேயும் எழுதுவதாக இல்லை.

திரும்பி மேடேறிக் கீழே பார்த்தபோது
இரண்டு வெளிறிய கோடுகள்,
சாலையிலிருந்து பிரிந்து, புதர்களை மிதித்து,
நேராக ஏழுக்கு.
யார் போட்ட தடம் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது.
பதினொரு நாள் போய்வந்த என் டயர்கள்.
சாத்தியமா என்று பார்க்கப் போனவள்
பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கோடுகளின்மேல் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது,
ஒரிகன் எண்பலகை, கூரையில் இரண்டு சைக்கிள்.
கண்ணாடியை இறக்கி அந்த ஆள் கேட்டார்,
'இது எங்கே போகிறது?'
எங்கும் போகவில்லை, என்றேன்.
என் சட்டையில் துறையின் முத்திரை.
தடம் என் காலடியில் முடிகிறது.
அவர் நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

பக்கத்தில் இருந்த பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்:
மலை, அந்தி, ஓரத்தில் சேறு படிந்த என் வண்டி.
அழகாக இருக்கிறது, என்று காட்டினாள்.
அழகாகத்தான் இருந்தது.

அவர்களை முன்னே விட்டுப் பின்னால் போனேன்,
அவர்களுடைய தூசியைத் தின்றுகொண்டு.
இருட்டில் குழாய் இரண்டு முறை
தட்தட் என்றது,
எங்கள் இருவரையும் எண்ணிக்கொண்டது.