முடிந்தது என்று எழுத வேண்டிய இடம்

லூனாஸ் தாண்டி செம்பனை ஆலை.
கொதிகலன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
மடியில் லேப்டாப், இரவு ஒன்றே முக்கால்.
சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு
ஒரு மணி நேரம் ஆகிறது.

போர்டு என் உள்ளங்கையை விடச் சின்னது.
தண்ணீர் மட்டம் இறங்கினால்
செய்துகொண்டிருப்பதை எல்லாம் போட்டுவிட்டு
அது எழுந்திருக்க வேண்டும்.
எழுந்திருக்கிறது,
ஒரே ஒரு தடவை.
இரண்டாம் முறை இறங்கும்போது
எவன் வீட்டுத் தண்ணீரோ என்று கிடக்கிறது.

ஹம்தான் என் போர்டை நம்புவதில்லை.
அரை மணிக்கு ஒருமுறை கண்ணாடிக் குழாயின்
காப்புக் கம்பியைக் கரண்டியால் தட்டிப் பார்த்து
நோட்டில் எழுதிக்கொள்கிறார்.
மூன்று மாதமாக இந்த ஆலை
அந்தக் கரண்டியில்தான் ஓடுகிறது.

ப்ராசஸருக்குக் கண் கிடையாது, எண்கள் உண்டு.
இந்த எண்ணில் கடிகாரம், இந்த எண்ணில் நினைவகம்,
இந்த எண்ணில் குறுக்கீடுகளைப் பிரித்துவிடும் மண்டோர்,
அடுத்ததில் மண்டோரிடம் பேச ஒரு ஜன்னல்.
இந்த அட்டவணையைப் பினாங்கில் யாரோ
வேறொரு சிப்புக்காக எழுதினார்கள்.
நகல் எடுத்தோம். நான்தான் சரிபார்த்தேன்.
கீழே என் கையெழுத்து இருக்கிறது.

போன வருடம் ரோட் டேக்ஸ் புதுப்பிக்கப் போனேன்.
மூன்று சம்மன் பாக்கி என்றாள் கவுண்டர் பெண்.
ஒரு கடிதமும் வரவில்லையே என்றேன்.
அனுப்பியாயிற்று, கா, இதோ பாருங்கள் என்று
திரையைத் திருப்பினாள்:
யோகமலர், லைன் ஆறு, வீடு பதினொன்று.
அங்கே இப்போது கார் கழுவுகிறார்கள்.
கடிதம் என்னிடமும் வரவில்லை,
அவர்களிடமும் திரும்பவில்லை.
நுரையோடு போயிருக்கும்.

கையேடு, இருநூற்றுப் பதினாலாம் பக்கம், அடிக்குறிப்பு,
எறும்பு எழுத்து.
அந்த ஜன்னலுக்கு இரண்டு பக்கமாம்.
முதல் பக்கத்தில், கூப்பிட்டது யார் என்று படிக்கலாம்,
கேட்டுவிட்டேன் என்று எழுதலாம்.
இரண்டாம் பக்கம் மொத்தமும் வெறுமை,
தலைமாட்டில் மட்டும் ஒற்றைக் கட்டம்.
முடிந்தது என்று அங்கேதான் எழுத வேண்டும்.

எங்கள் அட்டவணையில் ஜன்னலின் அளவு
ஆயிரம், பதினாறின் கணக்கில்.
ஒரே பக்கம்.
அடுத்த எண்ணை நாங்கள்
எதற்கோ ஒதுக்கி மறந்த வெற்று நினைவகத்துக்குக் கொடுத்திருந்தோம்.
யார் என்ன போட்டாலும் வாங்கிக்கொள்ளும் நிலம்,
இல்லை என்று சொல்லத் தெரியாதது.

திறந்து பார்த்தேன்.
பூஜ்யம் பூஜ்யமாய்ப் பரந்து கிடந்த வெளியில்
முதல் கட்டத்தில் ஒரு நாற்பத்தேழு.
தண்ணீர்க் கம்பியின் எண்.
நான் அனுப்பிய முடிந்தது
உறை பிரியாமல் அங்கே உட்கார்ந்திருந்தது.
மண்டோர் இன்னும் காத்திருக்கிறான்,
முதல் வேலையே முடியாத ஆளுக்கு
இரண்டாம் வேலை தருவதெப்படி.

ஒன்றை அழித்து இரண்டு என்று போட்டேன்.
மூன்று மாதத்துக்கு அவ்வளவுதான்.
சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு கலங்கியது:
ஹம்தான் ஒரு ராத்திரி கண் அயர்ந்திருந்தால்?

மிதவை அறையின் வால்வைத் திறக்கச் சொன்னேன்.
சிவப்பு எரிந்தது. மூடினார், அணைந்தது.
மறுபடி.
எரிந்தது.

"சுடா?" என்றார்.
கொதிகலன் இரைச்சலில் எனக்குச் சூடா என்று கேட்டது.
ரொம்ப என்று நெற்றியைத் துடைத்துக் காட்டினேன்.
அவர் விழித்தார்.
அப்புறம்தான் உறைத்தது,
முடிந்ததா என்றுதான் மனிதர் கேட்டிருக்கிறார்.

"பெலும்" என்றேன். இன்னும் இல்லை.
பத்துத் தடவை பார்த்துவிடலாம்.

ஏழாவது சிவப்புக்கும் எட்டாவதற்கும் நடுவில்
மணி இரண்டரை ஆயிற்று.
வால்வை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தார்,
தட்டினார், குனிந்து பார்த்தார்,
நோட்டில் எழுதினார்.