மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை

மாசிக் கடைசியில் ஒரு மதியம்.
மதுரை ஓடுதளம் தொட
இரண்டு பனை உயரம் இருக்கையில்
நடுக்கோட்டில் ஒரு மயில்,
பிரகாரம் சுற்றுவதுபோல்
தோகையை இழுத்துக்கொண்டு நடந்தது.

கை தானாய் விசையை முன்னே தள்ளியது.
பரங்குன்றம் கண்ணாடியில் சாய்ந்து நிமிர்ந்தது.
இரண்டாம் சுற்றில் இறங்கினோம்.
படி இறங்கிய அம்மாள் ஒருத்தி
"கிரிவலம் கூட்டிட்டுப் போயிட்டீங்க தம்பி" என்றாள்.
எல்லோரும் சிரித்தோம்.

மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.
எனக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று
அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்புறம்தான் தூக்கம் கழன்றது.
சட்டைப் பொத்தான் மாதிரி;
எங்கே விழுந்ததென்று தெரியாது.

மருத்துவப் படிவம் வந்தது.
தூக்கக் கோளாறு? இல்லை.
மன உளைச்சல்? இல்லை.
மாத்திரை? இல்லை.
ஒரே ஒரு 'ஆம்' போதும்,
உரிமத்தைத் தின்றுவிடும் என்று
பயிற்சிக் காலத்திலிருந்தே எங்களுக்குள் பேச்சு.
வீட்டுக்கடன் இன்னும் பதினோரு வருடம்.
டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.
அங்கே மயில் இல்லை.

செலஸ்டின்தான் கண்டுபிடித்தான், என் துணை விமானி.
நேற்றிரவு இங்கே இறங்கிய பிறகு
பெட்டியை உருட்டிக்கொண்டே சொன்னான்:
"சார், செக்லிஸ்ட்ல ஒரே வரிய மூணு வாட்டி வாசிச்சீங்க."
வேறொன்றும் சொல்லவில்லை.
லிப்டுக்குள் ஒரு சீட்டை என் பையில் செருகினான்.
ஹபீபா என்று ஒரு பெயர், ஒரு எண்,
'எங்களில் ஒருத்தி, எப்பவும் கூப்பிடலாம்' என்று
அவனுடைய கோழிக்கிறுக்கல்.

இரவு இரண்டே முக்கால்.
பசுமலை ஓட்டலிலிருந்து ஆட்டோ பிடித்து
பெரியார் நிலையம் வந்தேன்.
தூங்கா நகரம் என்று ஊரே பெருமைப்படும்,
எனக்கோ அது வியாதியின் பெயர்.
புரோட்டாக்கல் தட்டுகிறவன் விழித்திருக்கிறான்.
பூ மூட்டை இறக்குகிறவன் விழித்திருக்கிறான்.
அவர்களுக்கு வேலை இருக்கிறது.
நான் வெறுமனே விழித்திருக்கிறேன்,
டீ ஆறி ஆடை கட்டும்வரை.

மதுரை டவர் ஒரு உயரம் சொன்னால்
அதை நான் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும்.
பிசகினால் திருத்துவார்கள்.
பதினாறு வருடமாய்
காற்று, திசை, உயரம் எல்லாமே
இருமுறை சொல்லப்பட்டிருக்கின்றன.
பயமாயிருக்கிறது என்பதை மட்டும்
யாரும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை.
நான் முதல் தடவையே சொல்லவில்லை.

எண்ணை அழுத்தினேன்.
மூன்றாவது மணியில் எடுத்தாள்.
"கடைசியா எப்போ நல்லாத் தூங்குனீங்க?"
குசலம் இல்லை, அறிவுரை இல்லை.
நான் மயிலில் தொடங்கி
கடனுக்குப் போய், படிவத்துக்குத் திரும்பி,
கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு
அழுத ஒரு காலையில் முடித்தேன்.
பின்னால் ஒரு பஸ்
'திருமங்கலம், திருமங்கலம்' என்று கத்திக்கொண்டிருந்தது.

"திருப்பிச் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க" என்றாள்.
"ஒரு மாசமா தூக்கமில்ல.
கண்ண மூடினா மயில்.
பிடிச்ச தொழில் போயிருமோன்னு பயம்.
காலைல ஆறு அஞ்சுக்குப் பறக்கணும்."
"சரி" என்றேன்.
தொண்டையில் என்னவோ இறங்கியது, சக்கரம்போல.

"இந்தத் தூக்கத்தோட செலஸ்டின் வந்து நின்னா
பறக்க விடுவீங்களா?"

மூன்று இருபதுக்கு அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.
இன்று என்னால் முடியாது.
நான்கு சொல்.
சூறைக்காற்றில் இறங்கிய நாளில்கூட
கை இப்படி வேர்த்ததில்லை.

சென்னையிலிருந்து வேறொரு கேப்டன் வரும்வரை
விமானம் மூன்று மணி நேரம் தாமதம்.
அறுபத்தெட்டுப் பேர் திட்டியிருப்பார்கள்.
முகூர்த்தம் தவறிய ஒருவர் இருந்திருக்கலாம்.
அதற்கு என்னிடம் பதிலில்லை.

ஒன்பது மணி சுமாருக்கு
ஜன்னலுக்கு மேலே அந்தச் சத்தம் போயிற்று.
தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவந்த பையன்,
"சார், உங்க பிளைட் போயிருச்சா?"
"போயிருச்சு. நான் போகல."
அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகவேண்டும்.
படிவத்தில் என்ன எழுதுவேன் என்று
இப்போதும் தெரியாது.
பசுமலைப் பாறைப் பக்கம்
ஒரு மயில் அகவியது.
அன்றைக்கு வந்ததா, வேறா?
எழுந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.
நினைத்ததுவரைதான் ஞாபகம் இருக்கிறது.