ஊதா மருந்து

நரி இரண்டைக் கொண்டுபோனது.
மூன்றாவது, தண்ணீர்த் தாங்கிக்கும் வேலிக்கும் நடுவே
முதுகுத் தோல் கிழிந்து நின்றது.
விழவில்லை. நின்றது.

பென்டிகோவில் ஜூலை.
உறைந்த புல்லுக்கு மேலே
அதன் மூச்சு மட்டும் புகைந்தது.

லாண்டரித் தொட்டியில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர்,
அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு.
ஒட்டிக்கிடந்த இறகைக் கத்தரிக்கையில்
என் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தினாள்.

மருத்துவர் போனில் கட்டணம் சொன்னார்.
கோழியின் விலையை நான் சொல்லவில்லை.
பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் கோடரியோடு வந்தார்,
நல்ல மனசோடுதான்.
தேநீர் குடித்தார்,
கோடரியை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

டிரையர் அருகே அட்டைப்பெட்டி,
ஊசியில்லாத சிரிஞ்சில் சர்க்கரைத் தண்ணீர்.
ஞாயிறு, பிரிட்ஜில் மசாலா தடவிக் கிடந்ததைக் காட்டி
துஷாந்தன் ஏதோ கேட்டான்.
பதில் சொல்லாமல் பருப்பு வைத்தேன்.
திங்கள் அதைச் சமைத்தோம். சாப்பிட்டோம்.

ஏழாம் நாள் கூட்டுக்குள் விட்டேன்.
அவளோடு ஒரே கம்பில் தூங்கிய நாலும்
சிவப்பைக் கண்டதும் ஓடி வந்தன,
நரி விட்ட இடத்திலிருந்து தொடங்க.

வாரித் தூக்கி
சிவப்பு மறைய ஊதா மருந்து அடித்தேன்.
கை ஊதா, சட்டை ஊதா,
குளியலறைக் கதவின் பிடியும்.

இப்போது நடுவே கம்பிவலை,
இரு பக்கமும் தீனி.
அவள் முதுகில் முள்முள்ளாய் இறகு முளைக்கிறது.
தொட்டால் கொத்துகிறாள்.

வேலியடியில் நரி தோண்டிய இடத்தில்
டெஸ்மண்டின் கோடரியைத் திருப்பிப் பிடித்து
முளை அடிக்கிறேன்.