கரண்ட் போனால்

பதினெட்டுத் தறி ஓடும் கொட்டாயில்
யாருக்கும் காது கிடையாது.
மேஸ்திரி கத்துவார், கழுத்து நரம்புதான் தெரியும்.
வருசக்கணக்காய் உதட்டைப் பார்த்தே
வேலை செய்கிறவர்கள் இவர்கள்.
சோமனூருக்கு வந்த முதல் நாளே
நான் சீனியர்.

தார் தீர்ந்தது என்பதற்கு ஒரு விரல்,
டீ வந்தாச்சு என்பதற்கு இரண்டு,
முதலாளி வருகிறார் என்பதற்கு
இல்லாத மீசையை முறுக்குவது.
மீசை மட்டும் அவர்கள் எனக்குத் தந்தது.
மற்றதெல்லாம் என் கை.

பாவில் இழை அறுந்தால்
சத்தத்தில் ஒரு பிசிறு கேட்குமாம் அவர்களுக்கு.
நான் நம்பவில்லை.
எலக்ட்ரீசியன் ராக்கியண்ணன்
பழைய மொபெட்டின் இண்டிகேட்டரைக் கழற்றி
என் தறியில் மட்டும் மாட்டினார்,
அறுந்தால் எரிகிற மாதிரி.
'அந்தப் புள்ளைக்காக, அறுபது ரூபாய்'
என்று நோட்டில் எழுதினார் முதலாளி.
பங்குனி முடிவதற்குள்
பதினெட்டிலும் எரிந்தது.
அதற்கு நோட்டில் என்ன எழுதினாரோ.

முகாமில் கொடுத்த காதொலிக் கருவி
டிபன் பாக்ஸின் மேலடுக்கில் இருக்கிறது.
மாட்டினால் பதினெட்டுத் தறியும்
மண்டைக்குள் ஏறி ஓடும்.

எனக்கு ஊனம் வருவது
கரண்ட் போகும்போது.

முதலில் உள்ளங்காலில் தெரியும்:
தரை நின்றுவிடும்.
பிறகு எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறக்கும்.
என்னைப் பார்த்துப் பேச மாட்டார்கள்,
இப்போது யாரும் யாரையும்
பார்க்க வேண்டியதில்லையே.
முதுகுகள் குலுங்கிச் சிரிக்கும்.
கைகள் சும்மா தொங்கும்.

போனில் ஒரு செயலி,
பேசுவதை எழுத்தாக்கித் தரும்.
மேடைத் தமிழ் மட்டும் படித்தது.
மயிலாத்தாக்கா மகள் கண்ணாலத்தை
'கண் நலம்' என்று எழுதி
ஆஸ்பத்திரி வரை கூட்டிப்போனது.
பாவம், அதற்கும் காது மந்தம்.

நேற்று ராத்திரி ஷிப்டில் கரண்ட் போனது.
வழக்கம்போல் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்த
மயிலாத்தாக்கா
என்ன நினைத்தாளோ, எழுந்து வந்தாள்.
டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டாள்,
கண் கூசக் கூச,
உதடு தெரிவதற்காக.

'ஏனுங் அம்மிணி' என்றது உதடு.
'ஏணி' என்று எழுதியது போன்.

நான் திருத்தவில்லை.
டீ வந்ததா என்று
இரண்டு விரலைத் தூக்கினேன்.

டார்ச் அவள் முகத்தை விட்டு இறங்கி
என் கை மேல் வந்து நின்றது.