இதர

நரின் நகரத்தில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
எங்கள் தொண்டு நிறுவனத்தில் ஆறு பேர்,
ஒரு நிலக்கரி அடுப்பு,
கதவு சரியாகச் சாத்தாத வேன் ஒன்று.
கணக்கு என் பொறுப்பு.
சம்பளம், வாடகை, டீசல், இன்சுலின், பயிற்சி என்று
இறங்கிக்கொண்டே வரும் பட்டியலின் அடியில்
எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு வரி:
இதர.

அந்த மாதம்தான் காசிமாலி மயங்கி விழுந்தார்.
வேளை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டவர்.
மலைப்பாதையில் உறைந்து, பிறகு அடுப்படியில் இளகி,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு
தெளிந்து நின்றிருக்கிறது மருந்து, குப்பிக்குள்.
உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின்.
செத்தது பார்த்தால் தெரியாது, அதுதான் சங்கடம்.

தொக்தோசுன் ஓட்டுநர்.
கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை.
அடுப்புக்குக் கரி போட வந்தவர்
வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்:
"போன வாரம் வேனில் பீட்ரூட் ஊறுகாய் பாட்டில்
உறைந்து வெடித்தது. சீட்டெல்லாம் சிவப்பு.
மருந்துப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒன்று வெடித்தால்
நமக்குத் தெரிந்துவிடுமே."

யாரோ சிரித்தார்கள்.
நான்தான்.
அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
இன்றுவரை தெரியவில்லை.
பெர்மெத் சிரிக்கவில்லை. எங்கள் இயக்குநர்.
காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.
"உட்காருங்கள். எவ்வளவு சின்ன பாட்டில்?"

பிறகு வெள்ளிக்கிழமை மதியங்களில்
யாரும் அறிக்கை எழுதவில்லை.
பள்ளியில் வேதியியல் எடுக்கும் வாலென்தினா
கண்ணாடிக் குழாயைச் சுடரில் உருட்டி
அரிசி நீளத்துக்குக் குப்பிகள் இழுத்தார்.
செவிலி ரக்கியா கம்பளிப் பை தைத்தாள்.
முதல் குப்பி வெடிக்கவே இல்லை. உப்பைக் குறைத்தோம்.
ஒன்பதாவது வெயிலில் வெடித்தது.
பதினேழாவது வாலென்தினாவின் கையில்.
உடைந்ததை எறிய வேண்டாம்,
தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்துப் பலகையில்
தேதி போட்டு வையுங்கள் என்றாள் பெர்மெத்.
வருகிறவர்கள் கேட்பார்கள், இதெல்லாம் என்ன?
எங்கள் தோல்விகள். சர்க்கரை போடட்டுமா?

கண்ணாடி. எரிவாயு. பீட்ரூட் எட்டு கிலோ.
ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.
தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவாள்.
இதனால் என்ன பயன் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை.
பதில் இல்லாத நான்கு மாதங்களை
இதர தாங்கிக்கொண்டிருந்தது.

நாற்பத்து மூன்றாவது குப்பி
அத்-பாஷி போகும் வழியில் வெடித்தது.
வெள்ளைக் கம்பளியில்
குன்றிமணி அளவு சிவப்பு.
தொக்தோசுன் பாதி வழியில் வண்டியைத் திருப்பினார்.
மருந்தைக் கொடுக்காமல் திரும்பி வந்ததற்காக
ஒரு மனிதரைக் கட்டிப்பிடித்தது
அதுதான் முதல் தடவை.

இப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய நிதி.
இருபத்தாறு பக்கப் படிவம்.
முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: புதுமை.
ஆண்டுக்கு எத்தனை புதுமை, எந்தக் காலாண்டில் எது,
யோசனையைச் சொல்பவரின் கல்வித் தகுதி என்ன,
தோற்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம்.
பட்ஜெட் பக்கத்தைப் புரட்டி
அடிவரைக்கும் விரலால் தேடினேன்.
இதர இல்லை.
ஒழுங்குக்காக எடுத்துவிட்டார்களாம்.

பெர்மெத்திடம் காட்டினேன்.
பலகையைப் பார்த்தாள். கெண்டியைப் பார்த்தாள்.
"தேநீர் என்று ஒரு வரி இருக்கிறதே" என்றாள்.

இருக்கிறது.
எழுதினேன்:
ஆறு பேர், ஓராண்டு,
தேயிலை இருநூற்று நாற்பது கிலோ.

தணிக்கைக்காரர் கேட்டால்
இங்கே குளிர் அதிகம் என்று
சொல்லிக்கொள்ளலாம்.