நாளைக்கு என்று தட்டினால்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பழம்பொரி வாசம் ஏறிய மொபைல் கடை.
கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டை வைத்தான் நிஷாத்.
ஒன்று ஆண்ட்ராய்டு, புதுசு, சீல் பிரிக்காதது.
மற்றது ஐபோன். யாரோ இரண்டு வருஷம் பேசித் தீர்த்தது,
மூலையில் பல் பட்டது போல ஒரு நசுங்கல்.
இரண்டுக்கும் ஒரே விலை:
இருபத்து மூவாயிரத்து ஐநூறு.
"சேச்சி தீருமானிச்சோ" என்று
யாருக்கோ சார்ஜர் விற்கப் போய்விட்டான்.

எனக்குப் பால் பார்க்கத் தெரியும்.
கேன் மூடி திறந்ததுமே மூக்கு சொல்லிவிடும்.
லாக்டோமீட்டர் முங்குகிற ஆழத்தில்
எவர் எந்தக் குழாயைத் திறந்தாரென்று கண்டுபிடிப்பேன்.
இந்த இரண்டை எதில் முக்கிப் பார்ப்பது?

ஷார்ஜாவிலிருந்து தம்பி ஒரே பிடி:
"ஐபோன் வாங்குக்கா, பத்து வருஷத்துக்கு அசையாது."
அவன் சொல்லி வாங்கின மிக்ஸியும்
இப்போது அசைவதில்லை.

டேங்கர் ஓட்டும் சைமன் அண்ணன் வேறு சொன்னார்:
"அது பெரிய வீட்டு கேட்டு. பூட்டு நல்ல பூட்டு.
சாவி மட்டும் அவன்கிட்ட இருக்கும்."
அப்போ ஆண்ட்ராய்டு?
"அது சந்தை. எல்லாரும் வரலாம்.
எல்லாரும்னா, எல்லாரும்."

போன மார்கழியில் அப்படித்தான் வந்தான் லோன் ஆப்காரன்.
ஆறாயிரம் ரூபாய்க்காக
என் நம்பர் லிஸ்டை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்
பெரியம்மாவில் தொடங்கி கேஸ் சிலிண்டர்காரர் வரை
என் பெயரைச் சொல்லிக் கேட்டான்.

பழைய போன் மடியில் கிடந்தது,
வலது ஓரம் ஓதம் ஏறிய சுவராய்க் கறுத்து.
ஐந்து வருஷம் என் கட்டைவிரலைப் படித்த விசைப்பலகை.
'நாளைக்கு' என்றால் 'தந்துடறேன்' என்று எடுத்துக் கொடுக்கும்.
'உடம்பு' என்றால் 'பரவாயில்லை'.
'சார்' என்றால் 'ஒரு நாள் மட்டும்'.
பால் கணக்குக்கு மலையாளம், சண்டைக்குத் தமிழ்,
கேட்காமலே தாவும்.

"ஆண்ட்ராய்டானா ஒக்கே வரும் சேச்சி,
ஒண்ணும் போவில்ல."
இதுக்கு மாறினா?
தலையைச் சொறிந்தான்.
"போட்டோ வரும். நம்பர் வரும்.
சிலது வராது."
எது வராது?
"அது மாற்றியாலே அறியூ."

அந்தச் சிலதுக்குத்தான்
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
இருநூறு குறைத்தான். கண்ணாடி ஒட்டினான்.
உள்ளே ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டது,
அதை விரலால் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி
விட்டுவிட்டான்.

ஆறேகால் பஸ்ஸில் பின் சீட்டு.
மேனேஜருக்கு எழுத எடுத்தேன்.
'நாளைக்கு'
எழுத்துகளுக்கு மேலே மூன்று கட்டங்கள்.
மூன்றும் காலி.
கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்,
புது மருமகளுக்கு முன் தட்டை வைத்துவிட்டு
பேச்சு வராமல் நிற்பது போல நின்றது.
பனைகள் போயின. வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
ஒரு கோழி லாரி தாள் காட்டிக்கொண்டிருந்தது.
'நாளைக்கு வரமாட்டேன்.'
அடுத்து எப்போதும் ஒரு காரணம் வரும்,
காய்ச்சல், ரேஷன் கடை, பிள்ளைக்கு ஸ்கூல் மீட்டிங்.
அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதும் வயிறு கலங்கியது.
ஒரே ஒரு நாள் லீவு, அவ்வளவுதான், இருந்தாலும்
பழைய பழக்கத்தில் வலது ஓரத்தை உள்ளே தேய்த்தேன்.
மறுபடி தேய்த்தேன்.
ஒன்றும் திரும்பவில்லை.

"டேய், இதுல பின்னாடி போறது எங்கடா?"
அந்தப் பக்கம் கிரேன் சத்தம், அதற்கு மேல் அவன் சிரிப்பு.
அதற்குள் கையில் ஒரு அதிர்வு:
தமிழ்நாடு உங்களை வரவேற்கிறதாம்.
இதை மட்டும்
எந்தப் போனும் தவறவிடுவதில்லை.