நெருங்கிய பொருள்

அஜ்மான், ராஷிதியா. டைப்பிங் சென்டரின் ஏசி
ஐந்து மணிக்கே இருமத் தொடங்கிவிட்டது.
ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே
ஸ்டூலில் ருமைஸா,
பள்ளிக்கூட ஷூவைக் கழற்றாமல்.
மடியில் முந்நூறு அட்டைகள்,
ரப்பர் பேண்டு இரண்டு சுற்று.
ஷார்ஜாவில் அந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்பில்
நாற்பது இடம், எழுநூறு பிள்ளைகள்.
வியாழக்கிழமை நுழைவுத் தேர்வு.

அவளிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.
தானே கேட்பாள், தானே விழிப்பாள்,
அட்டையைத் திருப்பிப் பார்த்துத் தானே
அடச்சே என்பாள்.
மூன்றாம் தடவையாக ஏ-யிலிருந்து வருகிறாள்.
கைவிடு என்றால் துற, நீங்கு, அம்போவென விடு.
குறை என்றால் தணி, அடங்கு, ஓய்.
அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல
எனக்குத் தமிழில் விழுந்தது.
விரல் அரபியில் ஓடியது.
மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் போவது
பதினான்கு வருடப் பழக்கம்.

அலுமினியப் பட்டறைக்காரர் வந்தார்.
லைசென்ஸ் நகல், கம்பெனி கார்டு,
ஒரு பாஸ்போர்ட் நகல். வேம்புலி,
பிறந்த ஊர் பொன்னேரி.
'ஏழு நாளா டியூட்டிக்கு வரல. போட்டு விடுங்க.'

வேம்புலியை எனக்குத் தெரியும்.
போன மாதம் இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்,
ஓரமாக, ஏதோ ஸ்டூலுக்கு வலிக்கும் என்பதுபோல.
நாலு மாசச் சம்பளம் வரல பாய்,
ஒரு புகார் அடிக்கணும்.
கான்ட்ராக்ட் நகல் எடுத்துவா என்றேன்.
எடுத்துவந்தான். கூட்டமாக இருந்தது.
நாளைக்கு என்றேன்.
பிறகு, அப்புறம், ஆகட்டும், பார்க்கலாம்,
நோன்பு முடியட்டும்.
நாளைக்கு என்பதற்கு என்னிடம் இருந்த
எல்லாச் சொல்லையும் அவனுக்குச் செலவழித்தேன்.

திரையில் காரணம் என்றொரு கட்டம்.
அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் இறங்கும்.
இறக்கினேன்.
அவனுக்கு அதில் ஒரு சொல்தான் இருந்தது.

'அப்ஸ்காண்ட்,' என்றாள் ருமைஸா.

பட்டறைக்காரர் திரும்பிப் பார்த்தார்.
அவள் எங்களைப் பார்க்கவில்லை. அட்டையைத்தான்.
'நெருங்கிய பொருள் எது?
ஓடு. ஒளி. நழுவு. தப்பி.'
கண்ணை மூடிக்கொண்டு, 'தப்பி.'
திருப்பினாள். அடச்சே.
'நழுவு'தான் விடையாம்.
'தப்பிக்கிறவனுக்குப் பின்னால ஒரு தீ இருக்கணும்,
இல்லாட்டி ஒரு கூண்டு.
மிஸ் அன்னிக்கே சொன்னாங்க. மறந்துட்டேன்.'

பட்டறைக்காரர் சிரித்தார்.
'தப்பிச்சு எங்கம்மா போவான்?'

ஊர்ப் பேப்பராக இருந்தால் தலைமறைவு என்று போடுவார்கள்.
முகம் தெரியாத தலை, பாஸ்போர்ட் நகலில்,
மை குறைந்து
நெற்றியிலிருந்து கீழே வெளுத்துக் கிடந்தது.

சமர்ப்பி என்ற பச்சைப் பொத்தான்.
எழுபது திர்ஹம். ரசீது. சீல்.
கதவில் கட்டிய மணி ஒருமுறை.

ஏராளம் என்றால் மிகுதி, நிறைய, கொள்ளை.
அடுத்த அட்டையில் நின்றுவிட்டாள்.
நகத்தைக் கடித்தாள்.
'அகம்ப்ளிஸ். உதவியாள், கூட்டாளி, உடந்தை.
வாப்பா, இது நல்ல ஆளா, கெட்ட ஆளா?'

பேப்பர் தீர்ந்துபோச்சு என்று எழுந்தேன்.
தீரவில்லை. ட்ரேயில் பாதிக்கு மேல் இருந்தது.
இருந்தாலும் ஒரு கட்டைப் பிரித்து,
உதறி, தட்டி, ஓரம் சேர்த்து வைத்தேன்.

மஃரிப் பாங்கு சொன்னதும்
பக்கத்துக் கடைக்கு லபான் வாங்கப் போனாள்,
அட்டைகளை ஸ்டூலில் கவிழ்த்துவிட்டு.
மேலே இருந்த அந்த ஒன்றை எடுத்தேன்.
மேசை டிராயரில்,
ஸ்டேப்ளர் பின்னுக்கும்
யாரும் வந்து வாங்காத போட்டோக்களுக்கும் அடியில்
தள்ளினேன்.

இரவு ஷட்டரை இறக்கும்போது
பாதையோரம் குந்தி எண்ணினாள்.
விளம்பர போர்டு வெளிச்சம் அவள் விரலில்
சிவப்பாகி, நீலமாகி.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மறுபடியும் எண்ணினாள்.
ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

'ஒண்ணு தப்பிச்சிருச்சு வாப்பா.'